மிளகுக்கொடி மரமேறிய ஆண்டு

அந்தக் காலத்தில் மரத்துக்கும் எறும்புக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றுதான். யாரும் யாரிடமும் பேசலாம். பதில் சொல்வதும் சொல்லாததும் அவரவர் குணம். தேக்கு அப்போதே அதிகம் பேசாது. மூங்கில் அப்போதே வாயை மூடாது.

மிளகுக்கொடி அப்போது மரத்தில் ஏறியிருக்கவில்லை. காத்தாடி மலையின் வடக்குச் சரிவில், ஓர் ஓடைக்கரையில், பூசணிக்கொடி படர்வதுபோலத் தரையில் படர்ந்து கிடந்தது. ஆடு மிதிக்கும், பன்றி கிளறும். காய்ப்பதே கொஞ்சம், அதிலும் பாதி சேற்றில் புதைந்து அழுகிவிடும். காயில் உறைப்பும் கிடையாது. கடித்தால் லேசான ஒரு வாசமும், விழுங்கியபின் நெஞ்சுக்குள் சிறிது சூடும் தெரியும், அவ்வளவுதான். அதனால் அதைக் களை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அந்தச் சரிவில் சாமை விதைத்தும் தேன் எடுத்தும் பிழைக்கும் சில வீடுகள் இருந்தன. அதில் ஒன்று பாவாயியின் வீடு. அவள் கணவன் செங்கோடன் தேன் எடுப்பதில் கெட்டிக்காரன். பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரன். மகள் நங்கைக்கு அப்போதுதான் பால்பல் விழத் தொடங்கியிருந்தது.

நங்கைக்கு நெஞ்சு பலவீனம். மார்கழிப் பனி இறங்கியதும் இருமல் பிடிக்கும். அந்த வருடம் பிடித்த இருமல் விடவே இல்லை. தேன் கொடுத்தார்கள், துளசி கொடுத்தார்கள். குழந்தை மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகள் குழிவிழுந்து தெரிந்தன. சாப்பாடு இறங்கவில்லை. பாவாயிக்கும் இறங்கவில்லை.

ஒரு காலை, அவள் ஓடையில் சுரைக்குடுக்கையை முக்கிக்கொண்டிருந்தாள். காலடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, ராவெல்லாம் இருமுறது உங்க வீட்டுப் புள்ளைதானா?"

பாவாயி குனிந்து பார்த்தாள். பேசியது மிளகுக்கொடி. எத்தனையோ நாள் அதை மிதித்துக்கொண்டு போயிருக்கிறாள். அது வாய் திறந்து அவள் கேட்டதில்லை.

"ஆமாம் தாயி. தூக்கத்தைக் கெடுத்துட்டமா?"

"அது கெடக்கட்டும். என்கிட்ட ஒரு கைப்பிடி காய் இருக்கு. நசுக்கித் தேன்ல குழைச்சுக் குடுத்துப் பாருங்க. நெஞ்சைச் சூடாக்கும். இருமல் நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கெடுதல் பண்ணாது."

"நீ இத்தனை நாளா சொல்லலியே?"

"என்னை யாரும் கேக்கலியே அக்கா."

பாவாயி அந்தக் காயைப் பறித்துப்போய் நசுக்கிக் கொடுத்தாள். முதல் வேளையில் எதுவும் நடக்கவில்லை. இருந்த காய் முழுவதும் தீரும்போது நங்கை எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் பாவாயி கஞ்சியைக்கூட ஊற்றாமல் ஓடைக்கு ஓடினாள். கொடியின் பக்கத்தில் ஈரமண்ணில் உட்கார்ந்தாள்.

"மருந்து கேட்டுடுச்சா?" என்றது கொடி.

"கஞ்சி கேக்குறா."

"அப்ப போய் ஊத்துங்க. என்கிட்ட வந்து உக்காந்திருக்கீங்க!"

அன்றிலிருந்து பாவாயி கொடியை மிதிக்காமல் சுற்றி நடந்தாள். ஆடு வராமல் முள் வெட்டிப் போட்டாள். அடுத்த மார்கழிக்கு நங்கைக்கு மட்டுமில்லை, சரிவில் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தக் காய் வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னாள். கொடி பிழைத்தால் பிள்ளைகள் பிழைக்கும். இது எல்லாருக்கும் விளங்கியது.

ஆனால் அந்த வருடம் மாசி மழை வரவில்லை. பங்குனியில் வரும் ஒன்றிரண்டு இடிமழையும் பக்கத்து மலையோடு திரும்பிப் போனது. சித்திரையில் ஓடை நின்றது. கல்லின்மேல் காய்ந்த பாசி தோலாக உரிந்தது. கொடியின் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. பாவாயி மேல்சுனையிலிருந்து குடுக்கை குடுக்கையாகத் தண்ணீர் சுமந்தாள். ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் மண் குடித்துவிடும்.

"போதும் அக்கா. என்னைப் பார்த்தா ஒரு கொடி மாதிரியா இருக்கு? சுட்ட அப்பளம் மாதிரி இருக்கேன். தரை கொதிக்குது. தண்ணி மட்டும் பத்தாது, நிழல் வேணும்."

"மரத்தடியில கொண்டுபோய் வெக்கட்டுமா?"

"வேரோட பேத்தா செத்துப்போவேன். தரையில ஓடுது பாருங்க ஒரு தண்டு, அதை வெட்டி எடுத்துட்டுப் போங்க. கணுவுக்குக் கணு வேர் விடுவேன்."

"வெட்டுனா வலிக்குமே?"

"வலிக்கும். ஆனா அங்கே நான் இருப்பேன்ல."

பாவாயி உடனே வெட்டவில்லை. முதலில் இடம் கேட்டு வரலாம் என்று போனாள். தேக்கிடம் கேட்டாள். அது இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. "எனக்கே நிழல் இல்லை" என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டது. மூங்கிலிடம் கேட்டாள். "தாராளமா வரச் சொல்லு, எனக்கும் பேச்சுத் துணை ஆச்சு. ஆனா ஒண்ணு, என் உடம்பு வழவழன்னு இருக்கும், பிடிச்சா நிக்காது. அதுவும் போக, காத்து அடிச்சா நான் ஆடுற ஆட்டத்துல..." என்று அது தொடங்கியது. முடிப்பதற்குள் பாவாயி அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

ஓடையிலிருந்து ஏறி வரும் மேட்டில் ஒரு பலாமரம் இருந்தது. கிளையிலும் அடிமரத்திலும் காய்கள் தொங்க, இடுப்பிலும் தோளிலும் பிள்ளைகளைச் சுமக்கும் தாய் மாதிரி அது நின்றது. பாவாயிக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

"என்ன புள்ள, வந்து வந்து பாக்குற, ஒண்ணும் சொல்லாம நிக்குற?" என்றது பலா.

பாவாயி விஷயத்தைச் சொன்னாள்.

"ஏற்கெனவே கழுத்துவரைக்கும் சுமக்குறேன். இதுல இன்னொண்ணா?" என்று பெருமூச்சு விட்டது பலா. பிறகு, "சரி, சுமக்குறவளுக்குச் சுமை ஒண்ணு கூடுனா தெரியவா போகுது. கொண்டா. வடக்குப் பக்கமா வை. தெக்கு வெயிலை என் முதுகு வாங்கிக்கும். அடியில என் சருகை அள்ளிக் குமி, ஈரம் ஓடாது. ஆனா மேல குடியிருக்கவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடு. அவங்களுக்கு முன்கோபம்" என்றது.

மேலே குடியிருந்தவர்கள் முசுறுகள். இலையோடு இலையை இழுத்துப் பிடித்துத் தைத்து, பந்து பந்தாக வீடு கட்டி வாழும் செவ்வெறும்புகள். அந்தக் கூட்டத்தில் முன்னால் நடப்பவளுக்குச் செம்பி என்று பெயர். அவள் ஒரு கிளையின் நுனிவரை வந்து, பின்னங்காலில் நின்று பாவாயியைப் பார்த்தாள்.

"கொடியா? ஏணி தானா வந்தா வேணாம்னு யாரு சொல்லுவா? வரட்டும். ஆனா இப்பவே சொல்லிடுறோம். இந்த மரத்துல யாரு ஏறினாலும் கடிப்போம். பாம்பு ஏறினாலும் கடிப்போம், பாவாயி ஏறினாலும் கடிப்போம். பின்னாடி வந்து, ஏன் சொல்லலைன்னு கேக்கக் கூடாது."

"சரிங்க அக்கா" என்றாள் பாவாயி. அந்த நேரத்தில் அவளுக்கு இடம் கிடைத்ததே பெரிதாக இருந்தது. மரத்தில் ஏற வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

தண்டை வெட்டினாள். கொடி சத்தம் போடவில்லை. பலாவின் வடக்குப் பக்கம் குழி எடுத்து, கணு மண்ணுக்குள் போகும்படி வைத்து, அடிமரத்தோடு சேர்த்து நாரால் கட்டி, சருகைத் தொடையளவு குவித்தாள். தினமும் ஒரு குடுக்கைத் தண்ணீர். ஓடைக்கரையில் இருந்த பழைய கொடி வைகாசிக்குள் கருகிவிட்டது. பலாவடியில் வைத்த தண்டிலோ ஒரு காலை, தவளைக் குஞ்சின் கை மாதிரி சின்னச் சின்ன வேர்கள் கணுவிலிருந்து நீண்டு மரப்பட்டையைப் பற்றிக்கொண்டிருந்தன.

"அக்கா, இங்கே இருந்து பார்த்தா உங்க வீடு தெரியுது!" என்றது கொடி. அதுவரை அது தரையை விட்டு எழுந்ததே இல்லை.

ஆடியில் மழை பிடித்தது. அந்தக் காலத்துக் கொடி இப்போதுபோல மூன்று வருடம் காக்க வைக்காது. விறுவிறுவென்று ஏறி, கிளை பிரியும் இடத்தைத் தொட்டுவிட்டது. கணுவுக்குக் கணு பூச்சரம் தொங்கியது. மழை சரத்தின் வழியாகச் சொட்டிச் சொட்டி இறங்க, பிஞ்சு பிடித்தது. சேற்றில் அழுக இனி ஒன்றும் இல்லை. எல்லாம் காற்றில் ஆடின. சரிவிலுள்ள பெண்கள் வந்து அண்ணாந்து பார்த்து, அவரவர் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு சரத்தைக் காட்டினார்கள். நங்கை தனக்கென்று மிக நீளமான சரத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆடிக்காற்று பலமாக அடித்தது. மேலே ஏறிய தண்டுகள் சில பிடி தளர்ந்து தொங்கின. அவற்றை ஏறிக் கட்டவேண்டும். "இதுக்கு எதுக்கு யோசனை?" என்று நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு செங்கோடன் மரத்தில் ஏறினான்.

ஏறியது எல்லாருக்கும் தெரிந்தது. இறங்கியதுதான் எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கணம் கிளையில் இருந்தான், மறுகணம் தரையில் நின்று, உடம்பெல்லாம் தட்டிக்கொண்டு குதித்தான்.

"என்ன மச்சான், திருவிழா இன்னும் வரலியே, அதுக்குள்ள ஆட்டமா?" என்று கீழே நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சிரிங்கடா! நீங்க ஏறிப் பாருங்க, தெரியும். கடிக்காத எடம் பாக்கி இல்ல. ஏ புள்ள, சிரிக்காத, முதுகைப் பாரு!"

பாவாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு முதுகைத் தட்டிவிட்டாள். செங்கோடன் மூச்சு வாங்கியபடி சொன்னான்: "இப்பவே இப்படின்னா, காய் பழுத்தப்பறம் எவன் ஏறிப் பறிக்கிறது? தேன்கூட்டுக்குப் போடுற மாதிரி ஒரு புகை போட்டா ஓடிப்போவாங்க. நாரைக் கட்டிட்டு இறங்கிடலாம்."

"போனவங்க திரும்பி வந்துடுவாங்கல்லங்க?" என்று கேட்டாள் பாவாயி.

"தேனீ வரல?"

அந்தச் சரிவில் பிறந்தவர்கள் எல்லாரும் தேனீக்குப் புகை போட்டே வளர்ந்தவர்கள். புகை போட்டால் தேனீ விலகும். புகை அடங்கினால் அதே கூட்டுக்கு வந்து அடையும். கோபம் இருந்தாலும் வந்துவிடும். சிறகுள்ளதற்கும் நடந்து போவதற்கும் வித்தியாசம் உண்டு என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவாயிக்கும் தோன்றவில்லை. மனதில் ஏதோ உறுத்தியது. ஆனால் தொங்கும் தண்டுகளைப் பார்த்தாள், நங்கையைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் நெருப்புச்சட்டியை அவளே எடுத்து வந்தாள். பச்சைத் தழையை அவளே அதன்மேல் போட்டாள்.

புகை எழுந்து பலாவின் தலைவரை போயிற்று. இலைப்பந்துகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முசுறுகள் ஆளுக்கொரு வெள்ளைக் குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு, மரத்திலிருந்து இறங்கி, ஓடைச்சரிவை நோக்கி வரிசையாகப் போயின. வாயில் குஞ்சு இருந்ததால் யாரும் எதுவும் பேசவில்லை. செம்பி மட்டும் பாவாயியின் காலருகே ஒரு கணம் நின்று, பின் போனாள்.

செங்கோடன் கடிபடாமல் ஏறி, தண்டுகளைக் கட்டிவிட்டு இறங்கினான். புகை அடங்கியது. அன்று முசுறுகள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இலைவீடுகள் பழுத்து, தையல் விட்டு, உதிர்ந்தன.

ஆவணி பிறந்ததும் வேறு ஆட்கள் வந்தார்கள். முன்பாதி மஞ்சளும் முதுகு கருநீலமுமாகப் பளபளக்கும் சிறு வண்டுகள். பார்க்க அழகாக இருந்தன. நங்கை ஒன்றைப் பிடித்துக் காட்டினாள். கொஞ்ச நாளில் சில பிஞ்சுகள் மஞ்சளாகின, பிறகு கறுத்தன. பாவாயி ஒரு காயை இரண்டு விரலால் அழுத்தினாள். மொறுக்கென்று நொறுங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை, கொஞ்சம் தூள் மட்டும். அடுத்ததை அழுத்தினாள். அதுவும் பொக்கு.

"யார் நீங்க? என்ன பண்றீங்க இங்கே?" என்று வண்டிடம் கத்தினாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. கதவு திறந்து கிடந்துச்சு, வந்தோம். வீட்டுக்காரங்க யாரும் இல்லை. காய்க்குள்ளே ஒரு முட்டை வெச்சோம். குழந்தைங்க பசிக்குச் சாப்பிடுதுங்க" என்று மரியாதையாகச் சொன்னது வண்டு.

பாவாயி சாம்பலைத் தூவினாள், மழை கழுவிவிட்டது. கையால் பொறுக்கினாள், கையைக் கண்டதும் வண்டுகள் துள்ளி மறைந்தன. நங்கை எடுத்துக்கொண்ட நீளமான சரம் அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.

"அக்கா," என்றது கொடி. தரையில் கிடந்தபோதுகூட அது இவ்வளவு மெல்லப் பேசியதில்லை. "முசுறுங்க இருந்தப்ப இந்த வண்டுங்க வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிடும். அந்தக் கடி எனக்குக் காவலா இருந்துச்சு. எனக்கும் இப்பத்தான் தெரியுது."

பாவாயி அப்போதே கிளம்பினாள். ஓடையில் இப்போது முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடியது. அதைக் கடந்து, எதிர்க்கரையில் மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனாள். ஒரு நாவல்மரத்தில் இலைப்பந்துகள் தெரிந்தன. பலாவில் இருந்ததில் பாதிகூட இல்லை. அவள் வருவதைப் பார்த்ததுமே செம்பி கிளை நுனிக்கு வந்துவிட்டாள்.

"சட்டி எங்கே? நெருப்பு கொண்டு வரலியா?"

"வெறுங்கையோடதான் வந்திருக்கேன் அக்கா."

"கடிப்போம்னு முன்னாடியே சொன்னோமா இல்லையா?"

"சொன்னீங்க."

"சொல்லாம கடிச்சிருந்தா நீ புகை போட்டது நியாயம். உன் வீட்டுக்காரர் நாலு குதி குதிச்சாரு. அதுக்கு எங்க வீட்டையே காலி பண்ணிட்டியே. நடந்து வர்ற வழியில கட்டெறும்புங்க மறிச்சு எத்தனை குஞ்சைப் பறிச்சுக்கிட்டுதுங்க தெரியுமா?"

பாவாயி தேனீயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். இறந்த குஞ்சுகளுக்கு அது என்ன பதில்?

"நான் போட்ட புகைதான் அக்கா" என்றாள். "எம் புள்ளைக்குப் பயந்து உங்க புள்ளைங்களை நெனைக்காம விட்டேன். திரும்பி வாங்கன்னு கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல. ஆனா கூப்பிடத்தான் வந்திருக்கேன். கொடி சாகப் போகுது."

செம்பி தன் மீசையைத் தடவிக்கொண்டாள். "அந்தக் கொடிமேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல புள்ள. வர்றோம்னே வெச்சுக்கோ, எப்படி வர்றது? நாங்க வர்றப்ப ஓடையில கல்லு தெரிஞ்சுச்சு, இப்ப கீழே தண்ணி. தண்ணி இல்லாத பக்கம் கட்டெறும்பு. குஞ்சைத் தூக்கிட்டு இன்னொரு தடவை தரையில இறங்க மாட்டோம்."

பாவாயி நாவல்மரத்தைப் பார்த்தாள், எதிர்க்கரைப் பலாவைப் பார்த்தாள். நடுவில் ஓடை. "மேலேயே வழி போட்டா?" என்று கேட்டாள்.

"போட்டா வருவோம். ஆனா கேட்டுக்கோ. கடிக்கிறதை விட மாட்டோம். அது எங்க கையில இல்லை, பொறப்பு. நீ வழி போட ஏறினாலும் கடிப்போம்."

"கடிங்க" என்றாள் பாவாயி.

காட்டில் பெருங்கொடி ஒன்றை அறுத்து, தோலைச் சீவி, பலாவின் கிளையில் ஒரு முனையைக் கட்டினாள். மறுமுனையை இழுத்துக்கொண்டு ஓடையைக் கடந்தாள். செங்கோடனும் மற்றவர்களும் செய்தி கேட்டு ஓடி வந்து கரையில் நின்றார்கள்.

"ஏ புள்ள, நான் ஏறுறேன், இறங்கு!" என்று கத்தினான் செங்கோடன்.

"நீங்க ஏறினா ஆடுவீங்க. அங்கேயே நில்லுங்க!"

பாவாயி நாவலில் ஏறினாள். பாதி ஏறும்போதே கடி தொடங்கியது. காலில், கழுத்தில், காது மடலில். பல்லைக் கடித்துக்கொண்டு கிளைக் கவட்டையில் உட்கார்ந்து, பெருங்கொடியை இறுக்கி இழுத்தாள். மழையில் நனைந்த கொடி கனத்தது. ஓடைக்கு மேலே அது மெதுவாக எழுந்து, விறைத்து நின்றது. கையை விட்டால் தண்ணீரில் விழுந்து அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு கையாலும் பிடித்தபடி முதல் முடிச்சைப் போடத் தொடங்கினாள்.

அப்போது செம்பியே அவளுடைய வலது மணிக்கட்டில் ஏறி, நரம்பு ஓடும் இடமாகப் பார்த்துக் கடித்தாள்.

கண்ணில் நீர் வந்துவிட்டது. இடது கை தானாகத் துடித்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், செம்பி நசுங்கிவிடுவாள். ஆனால் கை எடுத்தால் பாலம் போகும். பாலம் போனால் மிளகு போகும். நங்கையின் குழிந்த விலா அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. கையால் எதுவும் செய்ய முடியாது. அவளிடம் மிச்சம் இருந்தது மூச்சு மட்டும்தான். உதட்டைக் குவித்து மணிக்கட்டின்மேல் ஊதினாள்.

"ஃபூ..."

செம்பி பறந்துபோய் ஓர் இலையின்மேல் விழுந்தாள். அடிபடவில்லை. எழுந்து நின்று பார்த்தாள்.

முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. கொடி உறுதியாக நின்றுவிட்டது. இப்போது பாவாயியின் இரண்டு கையும் சும்மா இருந்தன. செம்பி இலையிலிருந்து இறங்கி வந்து, அதே மணிக்கட்டில், அதே இடத்தில் மறுபடியும் கடித்தாள். கரையில் நின்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

பாவாயி மணிக்கட்டை வாய்க்கு அருகில் கொண்டுவந்தாள். மெதுவாக ஊதினாள்.

செம்பி இலையில் விழுந்து, உருண்டு எழுந்து, சிரித்தாள். எறும்பு சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். "எடுங்கடி குஞ்சுகளை!" என்று குரல் கொடுத்தாள். கொடிப்பாலத்தின்மேல் சிவப்பு வரிசை ஒன்று வெள்ளைப் புள்ளிகளோடு நகரத் தொடங்கியது. பலாமரம், "வாங்க, வாங்க. நீங்க இல்லாம வீடு வெறிச்சோடிக் கிடந்துச்சு" என்று ஒரு பழுத்த இலையை உதிர்த்தது.

வண்டுகள் மரியாதையாகவே கிளம்பிப் பார்த்தன. கிளம்பியவை பிழைத்தன.

முசுறுகள் அன்று சரம் சரமாக நடந்து எல்லாக் காயையும் பார்த்தன. பாதிக்கு மேல் பொக்கு. செம்பி கொடியிடம் சொன்னாள்: "நாங்க ஒரு எடத்துல இருந்தா இன்னொரு எடத்துல வண்டு புகுந்துடுது. ஒண்ணு செய்யறோம். எங்க கடியில கொஞ்சம் எடுத்து உன் காய்க்குள்ளே வெக்கிறோம். நாங்க பக்கத்துல இல்லாதப்ப அதுவே கடிச்சுக்கும்."

"வெச்சுட்டுப் போங்க அக்கா" என்றது கொடி. "எனக்குன்னு கடிக்க எதுவும் இருந்ததே இல்லை."

நல்ல காய் ஒவ்வொன்றிலும் முசுறுகள் வாய் வைத்துச் சென்றன.

மார்கழி வந்தது. பனி இறங்கியது. மரத்தில் ஏறிய செங்கோடனை எறும்பு கடித்தது. அவன் கை ஓங்கினான். கீழே நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "ஊது மச்சான், ஊது!" என்று கத்தினார்கள். ஊதி ஊதியே அவன் சரங்களைப் பறித்து இறக்கினான். இறங்கும்போது பேச அவனுக்கு மூச்சு இல்லை. அவனைப் பேசாமல் பார்த்தது அன்றுதான் என்று பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

பறித்ததை வெயிலில் காயவைத்தார்கள். காய் சுருங்கிக் கறுத்தது. வீடுகளுக்குப் பகிர்ந்தபோது பாவாயி திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். போன வருடம் ஒரு குழந்தைக்கே ஒரு கைப்பிடி செலவானது. இப்போது ஒரு வீட்டுக்கு ஒரு சிட்டிகைதான் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நங்கை இருமத் தொடங்கியிருந்தாள். பாவாயி ஒரே ஒரு மிளகை நசுக்கித் தேனில் குழைத்து நாக்கில் வைத்தாள். போதாது என்று அவளுக்கே தெரியும். இரண்டாவதை எடுக்கக் கை நீட்டினாள்.

அதற்குள் நங்கையின் கண் விரிந்தது. மூக்கு சிவந்தது. நெற்றியில் பொடிப்பொடியாக வேர்வை அரும்பியது. "அம்மா, கடிக்குது!" என்றாள். பிறகு யாரும் சொல்லித்தராமலே உதட்டைக் குவித்து, "ஃபூ... ஃபூ..." என்று ஊதினாள். ஊதிய மூச்சில் இழுப்பு இல்லை. நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது கரைந்து வெளியே வந்தது. ஒரு கைப்பிடி செய்த வேலையை ஒரே மிளகு செய்துவிட்டது.

அந்தப் பனிக்காலம் முழுவதும் சரிவிலிருந்த எல்லா வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் ஊதும் சத்தம் கேட்டது. பாவாயி பலாவடிக்குப் போய்ச் சருகின்மேல் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் ஒரு முசுறு ஏறியது. கடிக்குமுன்பே அவள் சிரித்துவிட்டாள்.

அன்று முதல்தான் மிளகுக்கொடி தரையை விட்டு மரமேறி வாழ்கிறது. அன்று முதல்தான் மிளகு பறிக்கப் போகிறவர்கள் முசுறு கடித்தால் நசுக்காமல் ஊதிவிடுகிறார்கள். மரமே ஏறாத நாமும், சோற்றில் ஒரு மிளகு கடிபட்டதும், அந்தப் பழைய கடனை நினைத்ததுபோல உதட்டைக் குவித்து ஊதிக்கொள்கிறோம்.